நகல் எடுக்காதவன்

எங்கள் அலுவலகத்தில் அவனுக்குக் கஞ்சன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். கைச்செலவில் அவன் தாராளம்தான். டீ குடிக்கக் கூட்டமாகப் போனால் கிளாஸைக் கீழே வைப்பதற்குள் எல்லோருக்கும் அவனே கொடுத்திருப்பான். கம்ப்யூட்டரின் மெமரி என்று வந்தால்தான் பிசினாறி. ஒரே விஷயம் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருந்தால் அவனுக்குப் பொறுக்காது. "ரெண்டு எதுக்கு? ஒண்ணு இருக்குல்ல?" என்பான். இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. பக்கத்து மேசை நான்.

நாங்கள் செய்தது தொலைபேசிச் சேவை மையங்களுக்கான மென்பொருள். வாடிக்கையாளர்கள் கத்துவதையும் அங்கே வேலை செய்கிறவர்கள் பொறுமையாகப் பதில் சொல்வதையும் பதிவு செய்து, இரைச்சலை நீக்கி, பத்திரப்படுத்தி வைக்கும். இந்த வேலையை அடியில் இருந்து செய்தது சி என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு பழைய லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பு. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார், எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தொட எல்லோருக்கும் பயம். நாங்களெல்லாம் எழுதியது பைத்தான் என்ற வேறு மொழியில். சி பேசும் லைப்ரரியையும் பைத்தான் பேசும் எங்களையும் பேச வைக்க நடுவில் ஒரு அடுக்கு வேண்டும். அதற்குப் பைண்டிங் என்று பெயர். அதை எழுதுவதுதான் கஞ்சனின் வேலை.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் சி என்பது கறார் பேர்வழி. ஒரு பொருளைக் கையில் கொடுக்கும், அது உனக்கா, இரவலா, யார் கழுவி வைக்க வேண்டும் என்று வாய் திறக்காது. பைத்தான்காரர்களோ பாத்திரம் தானாகக் கழுவப்படும் வீட்டில் பிறந்தவர்கள், அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. இந்த இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் பேசி முடிப்பவனுக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கஞ்சன் லைப்ரரியின் ஒவ்வொரு வரியையும் உதடு அசைய வாசிப்பான். ஒவ்வொன்றிடமும் கேட்பான்: இது யாருடையது, எதுவரை உயிரோடு இருக்கும், யார் அழிக்க வேண்டும். அந்தப் பழக்கம் நிரலுக்கு வெளியேயும் அவனை விட்டுப் போகவில்லை. அலுவலகத்தில் வாசலோரம் ஒரு குடை கிடந்தால்கூட, "இது யாரோடது? யார் எடுத்துட்டுப் போவாங்க?" என்று பதில் கிடைக்கும்வரை நச்சரிப்பான்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா அப்பா இருவரும் அவன் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார்கள், வளர்த்து ஆளாக்கியது அக்கா. அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறையில் குடியிருந்தான். அக்காவுக்கும் மாமாவுக்கும் குழந்தை இல்லை. "இவன் ஒருத்தனே போதும், இன்னும் ஸ்கூலுக்குப் போற மாதிரிதான் சட்டை போடறான்" என்பார் அக்கா.

அக்காவை எனக்குத் தனியாகவே தெரியும். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கஞ்சன் சொல்லித்தான் நான் அவரிடம் சேர்ந்தேன், சேர்ந்த முதல் நாளே ஏன் சேர்ந்தோம் என்று ஆகிவிட்டது. அப்படி ஒரு குரல். அடித்தொண்டையில் இருந்து கிளம்பி, நடுவில் கரகரவென்று உடைந்து, காதில் வந்து விழும்போது ஆணையாக விழும். நம் கால் நம்மைக் கேட்காமல் அந்தக் குரலைக் கேட்கும். வண்டியை விட்டு இறங்கிய பிறகு அதே குரலில், "கை நடுங்குதா? வா, டீ குடிக்கலாம்" என்பார். அவரிடம் கற்றவர்கள் யாரும் இன்றுவரை கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைத் திருப்புவதில்லை. நானும்தான்.

கஞ்சனுக்கும் எனக்கும் பெரிய சண்டை வந்தது அந்தப் பைண்டிங்கைப் பற்றித்தான். சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்தது.

அந்த லைப்ரரி, ஒரு லைனில் பதிவு செய்யும் ஒலியை எப்போதும் ஒரே இடத்தில் வைக்கும். ஒரு கரும்பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் பேசியதை அதில் எழுதும். அடுத்த ஆள் பேசினால் அதே பலகையில், பழையதன் மேலேயே எழுதும். பலகையில் இருப்பதை நாம் உடனே நகல் எடுத்துக்கொண்டால் பிழைத்தோம். கஞ்சனின் பைண்டிங் நகல் எடுக்காது. பலகை இருக்கும் இடத்தை மட்டும் விரலால் காட்டும். காட்டியவுடன் பார்த்தால் நீங்கள் கேட்டது அங்கே இருக்கும். அடுத்த பதிவு முடிந்த பிறகு பார்த்தால் வேறு யாரோ பேசுவார்கள்.

"காப்பி எடுத்துக் குடுத்துடேன்" என்றேன். "யாருக்கு அவசரமோ அவங்களுக்கு மட்டும் தனியா ஒரு வழி வை. நகல் இல்லாத வழின்னு பேர்லயே மெரட்டி வை."

"ஒரே நேரத்துல ஆயிரம் ஃபோன் கால் ஓடும். ஆயிரத்துக்கும் காப்பி எடுத்தா மெஷின் மூச்சு முட்டிச் செத்துரும்."

"தெரியாத்தனமா யாராவது மாட்டிக்குவாங்க."

"கையேட்டுல எழுதியிருக்கேன். அடுத்த பதிவு வரைக்கும்தான் இது செல்லும்னு. வாசிக்காதவனுக்காக வாசிச்சவன் எல்லாரும் சுமக்கணுமா?"

"உங்க அக்கா வண்டில அவங்க கால் கிட்டயும் ஒரு பிரேக் இருக்குல்ல? எதுக்கு இருக்கு?"

"அது கத்துக்கறவங்களுக்கு. என் பைண்டிங்கைத் தொடறவன் லைசென்ஸ் எடுத்தவன்."

ஒற்றைக் காலில் நின்றான். மேலாளரும் அவன் பக்கம். நகல் இல்லாமல் ஓடவிட்டதும் மென்பொருள் பறந்தது, எல்லோரும் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். இரண்டு மூன்று பேர் அந்தப் பலகையில் ஏமாந்து அவனிடம் வந்து நின்றபோது, "வாசிச்சிருக்கணும்" என்று சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போடா நீயும் உன் பலகையும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த வருடம் அக்காவின் தொண்டை கட்டியது. கத்திக் கத்திக் கட்டிவிட்டது என்று நினைத்தோம். மாத்திரை, வெந்நீர், ஓய்வு எல்லாம் பார்த்தாயிற்று, குரல் தெளியவில்லை. பெரிய மருத்துவமனையில் சோதித்தபோது புற்றுநோய் என்றார்கள். குரல்வளையை மொத்தமாக எடுத்தால் உயிர் பிழைக்கலாம், வேறு வழி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அக்கா அழவில்லையாம். "அப்புறம் நான் எப்படிக் கத்துக்குடுப்பேன்?" என்றுதான் கேட்டாராம். கஞ்சன் இதை என்னிடம் சொல்லும்போது மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அவனுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை, இப்போது நினைத்தாலும் நல்ல யோசனைதான். அறுவை சிகிச்சைக்கு முன்பே அக்காவின் குரலைப் பதிவு செய்துவிட வேண்டும். வண்டியில் தேவையான சொற்கள் எல்லாம் ஒரு டேப்லெட்டில் பொத்தானாக இருக்கும். அக்கா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பொத்தானைத் தொட்டால் அவருடைய குரலே கத்தும். மற்ற வாக்கியங்களையும் நிறையப் பதிவு செய்து வைத்தால், அவர் தட்டச்சு செய்வதை எல்லாம் அவருடைய குரலிலேயே பேசவைக்கும் கருவியைச் செய்துவிடலாம். டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் அக்காவே போய்ப் பேசினார். "குரல் இருந்தா உங்க சீட்டு உங்களுக்குத்தான்" என்றாராம் அவர். அக்காவுக்கு அந்த இருக்கைதான் வாழ்க்கை. அந்தக் குரல் பிழைத்தால்தான் அந்த இருக்கை.

அதனால் பதிவு தொடங்கியது. இரைச்சலை நீக்க எங்கள் லைப்ரரியை மிஞ்ச ஆள் கிடையாது, பைண்டிங்கும் அவன் கையெழுத்து. ஒரே உட்காரலில் ஒரு சின்ன நிரல் எழுதிவிட்டான். அக்கா வீட்டு உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, கட்டில் மேல் மெத்தையை நிமிர்த்தி வைத்து, நடுவில் மைக்கை வைத்தான். திரையில் ஒரு வாக்கியம் வரும். அக்கா ஒரு விசையைத் தட்டிவிட்டு அதை வாசிப்பார். மறுபடி தட்டினால் பதிவு நிற்கும், அப்போது பேசியது திரும்ப ஒலிக்கும். சரியாக இருந்தால் அடுத்தது.

முதலில் அவன் ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்போதே கோப்பில் எழுதினான். அக்கா வீட்டு லேப்டாப் ஆடி அசைந்து வேலை செய்யும் கிழம். ஒவ்வொரு முறையும் எழுதி முடிக்கும்வரை அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

"என்னடா இது? நான் பேசறதுக்கே கொஞ்ச நாள்தான் இருக்கு. அதுலயும் பாதி நேரம் உன் பெட்டி முழுங்கிட்டு இருக்கு" என்றார்.

அவருக்கு வலி அதிகம். நேரம் ஆக ஆக வலிக்கும். ஆகவே அவன் கோப்பில் எழுதும் வரியை நிரலின் கீழே நகர்த்தி, அதே கோப்புப் பெயர்களில் முதலில் இருந்து மறுபடி தொடங்கினான். பேசுவதை எல்லாம் மெமரியிலேயே வைத்துக்கொண்டு, அக்கா எழுந்து போய்ப் படுத்த பிறகு மொத்தமாக எழுதினால் போதும் என்று. அவருக்காகத்தான் செய்தான். அவர் தொண்டைக்கு இரண்டு நிமிடம் மிச்சமாகட்டும் என்று செய்தான். புரிகிறதல்லவா? மெமரியில் அவன் வைத்துக்கொண்டவை நகல்கள் இல்லை. அத்தனையும் அதே பலகையைக் காட்டும் விரல்கள்.

தெரிந்திருக்க வழியே இல்லாமல் போயிற்று. பேசியவுடன் திரும்பக் கேட்டபோது சரியாகவே கேட்டது, பலகையில் அப்போது அதுதானே இருந்தது. எழுதிய கோப்புகளின் பெயரும் சரி. நீளம்கூடச் சரியாக இருந்தது, ஏனென்றால் எந்த வாக்கியம் எவ்வளவு நீளம் என்பதை மட்டும் அவன் தனித்தனியாகக் குறித்து வைத்திருந்தான். சிறிய வாக்கியத்துக்குச் சிறிய கோப்பு, பெரியதற்குப் பெரிய கோப்பு. எடுத்துக் கேட்டுப் பார்த்தால் அக்காவுடனான நேரம் போகும் என்று கேட்கவில்லை. சாயங்காலம் அலுவலகத்தில் இருந்து நேராக அங்கே போவான், பதிவு முடிந்ததும் இருவரும் மாமாவைக் கிண்டல் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாட்களில் அவன் முகம் வெளிச்சமாக இருந்தது. நானே சொன்னேன், "நீ செஞ்சதுலயே இதுதான் உருப்படி" என்று.

அறுவை முடிந்தது. பிழைத்துவிட்டார் என்றார்கள். அக்கா மருத்துவமனையில் இருந்தபோதே, அவர் வீட்டுக்கு வருவதற்குள் டேப்லெட் தயாராக இருக்க வேண்டும் என்று கஞ்சன் மதிய இடைவேளையில் உட்கார்ந்து வேலை செய்தான். நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவன் அசையாமல் இருந்தான். ஹெட்போனைக் கழற்றி என் பக்கம் நீட்டினான்.

போட்டுக்கொண்டேன். முதல் கோப்பின் பெயர், பிரேக். உள்ளே, "போதும்..." என்று அக்காவின் குரல் தொடங்கி வெட்டுப்பட்டு நின்றது. அடுத்தது இன்னும் கொஞ்சம் நீளம். "போதும்டா, தொண்டை எரியு..." அடுத்தது, "போதும்டா, தொண்டை எரியுது." நீளமான கோப்புகளில் அதைத் தாண்டியும் கொஞ்சம் இருந்தது. பலகையில் அழிபடாமல் நின்ற பழைய வாக்கியத்தின் வால். "...பாத்து வா." அவ்வளவுதான். எத்தனை கோப்பைத் திறந்தாலும் போதும்டா, போதும்டா, போதும்டா.

"கடைசியில மொத்தமா எழுதினேன்" என்றான். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நான் அன்றைக்கே சொன்னேனே என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது என்பது உண்மை. அதை விழுங்கியதற்காக எனக்கு யாரும் விருது தர வேண்டாம். அவன் முகத்தைப் பார்த்திருந்தால் யாராக இருந்தாலும் விழுங்கியிருப்பார்கள்.

ஒவ்வொரு நாள் பதிவிலும் கடைசியாகப் பேசியது மட்டும் முழுசாகப் பிழைத்திருந்தது. அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. களைத்துப் போனால் திரையில் இருக்கும் வாக்கியத்தை வாசிக்க மாட்டார், விசையைத் தட்டிவிட்டுத் தன் மனதில் இருப்பதைச் சொல்வார், அதோடு அன்றைய வேலை முடிந்தது என்று பொருள். ஆகவே மிஞ்சியது எல்லாம் அதுதான். "நாளைக்கு வெச்சுக்கலாம், முடியல." "தண்ணி குடு." "இதெல்லாம் எதுக்குடா?" அறுவைக்கு முந்தைய நாள், "அவ்வளவுதானா? சரி, அணைச்சுடு."

மீட்க முடியுமா என்று எனக்குத் தெரிந்த எல்லோரையும் கேட்டேன். ஹார்ட் டிஸ்கில் எழுதப்பட்டு அழிந்திருந்தால் தோண்டிப் பார்க்கலாம். இது எழுதப்படவே இல்லை. கைபேசிகளில் தேடினோம். அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்பும் வழக்கம் கிடையாது, நேராகக் கூப்பிட்டுக் கத்திவிடுவார். உறவுக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோவில் ஓரிடத்தில் அவர் வாய் அசைகிறது, மேலே பாட்டு ஓடுகிறது.

அக்காவிடம் சொல்ல என்னையும் துணைக்கு அழைத்துப் போனான். கழுத்தில் துணி சுற்றி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாமா ஜன்னலோரம் நின்றார். கஞ்சன் பலகை, பைண்டிங், பதிவு என்று என்னென்னவோ சொன்னான். அவர்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கடைசியில் நான்தான் உடைத்துச் சொன்னேன், "அக்கா, பதிவு பண்ணதுல ஒண்ணும் நிக்கல. அஞ்சாறு வாக்கியம்தான் மிச்சம்."

அக்கா கைபேசியில் தட்டிக் காட்டினார். போடு, கேக்கறேன்.

அவன் ஒவ்வொன்றாகப் போட்டான். போதும்டா. முடியல. தண்ணி குடு. எதுக்குடா. அணைச்சுடு. அந்த அறையில், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் குரல் அத்தனை தெளிவாக வந்தது. பாழாய்ப்போன எங்கள் லைப்ரரி இரைச்சலை நன்றாகத்தான் நீக்கியிருந்தது. மாமா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

அக்கா வெகு நேரம் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். பிறகு திரையைத் திருப்பினார். நான் இவ்வளவு சலிச்சுக்கிட்டேனாடா?

கஞ்சன் அக்காவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். அவர் அவன் தலைமுடியைக் கையால் கோதிவிட்டார். அவர் மூச்சு கழுத்துத் துணி வழியாகப் புஸ்ஸென்று வந்து போனது, அழுகையா சிரிப்பா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளக்கூட ஒரு குரல் வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு அவன் சும்மா இருக்கவில்லை. அந்த வால்களை எல்லாம் பொறுக்கி எடுத்தான். "...பாத்து வா", "...வந்துட்டேன்", "...சொல்லு." வாரக்கணக்கில் உட்கார்ந்து அவற்றை வெட்டி ஒட்டி ஒரு குரலைச் செய்யப் பார்த்தான். வந்தது ஏதோ ஒரு பெண், அவ்வளவுதான். கடைசியில் டேப்லெட்டில் எல்லோருக்கும் கிடைக்கும் இயந்திரக் குரலையே போட்டான். செய்தி வாசிக்கிற குரல்.

அக்கா ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். ஓட்டக் கற்க வந்தவர் ஒரு தையற்கடைக்காரப் பெண். குறுக்கே ஒரு சைக்கிள் வந்திருக்கிறது. அக்கா பொத்தானைத் தொட்டார். அந்தச் செய்திக் குரல் வானிலை அறிவிப்பது போல "பிரேக்" என்றது. அந்தப் பெண், அது என்ன சொன்னது என்று டேப்லெட்டைத் திரும்பிப் பார்த்தார். அக்கா தன் காலடியில் இருந்த பிரேக்கை மிதித்து நிறுத்தியதால் சைக்கிள்காரர் தப்பித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்கா வண்டியை ஓரம் கட்டச் செய்து, இறங்கி, சாவியை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். முதலாளி கூப்பிட்டு அனுப்பியும் போகவில்லை.

அந்த வாரம் கஞ்சன் பைண்டிங்கை மாற்றினான். யார் கேட்டாலும் முதலில் நகல்தான். பலகையைக் காட்டும் வழிக்கு, பார்த்தாலே தொடத் தோன்றாத நீளமான பெயர். சரிபார்க்க என்னிடம்தான் வந்தது. ஒரு எழுத்தும் மாற்றாமல் சம்மதம் சொன்னேன். மெதுவாகிவிட்டதே என்று மேலாளர் வந்து கேட்டார். "மெதுவாவே போகட்டும்" என்றான் அவன். அவர் விவரம் தெரியாமல் இன்னும் இரண்டு முறை கேட்டார். நான் அவரை வெளியே அழைத்துப்போய் விவரம் சொன்னேன். பிறகு மெஷின்களைக் கூட்டிக் கொடுத்துவிட்டார்கள், பழைய வேகம் வந்துவிட்டது. அவ்வளவு லேசாக முடிந்துபோன விஷயம்.

டேப்லெட்டில் அக்காவின் சொந்தக் குரலில் அந்த அஞ்சாறு பொத்தான்கள் மட்டும் இருந்தன. "தண்ணி குடு" என்பதை அவர் சில நாள் தொட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தபோது மாமா அவனை வாசற்பக்கம் கூப்பிட்டார்.

"மாப்ள, அந்தப் பட்டனெல்லாம் எடுத்துடு."

"அக்கா குரல் மாமா அது."

"தெரியுது. அவ குரல்னு வீட்டுல கேக்கறதே அது ஒண்ணுதான். கேக்கும்போதெல்லாம் முடியல, போதும்னுதான் கேக்குது. அவ நல்லா இருக்கா, டிவி பாக்கறா, என்னை மொறைக்கறா. இது மட்டும் இன்னும் செத்துக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு. என்னால முடியல."

கஞ்சன் உள்ளே போய் அக்காவைக் கேட்டான். அவர் சரி என்று தலையை ஆட்டினார். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, செய்திக் குரலை மட்டும் விட்டுவைத்தான். அக்கா தட்டினார், டேப்லெட் சொன்னது, "தம்பி, சாப்பிட்டுவிட்டுப் போ." அவர் சாப்டுட்டு என்றுதான் தட்டியிருப்பார், சாப்பிட்டுவிட்டு என்று அது திருத்திக்கொண்டது. அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தான்.

போன மாதம் ஒரு மத்தியானம். அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான், நானும் போய் உட்கார்ந்தேன்.

"எனக்கு அவ குரல் ஞாபகம் வர மாட்டேங்குது" என்றான். "சின்ன வயசுல என்னை எழுப்புவா. ஸ்கூல் வாசல்ல நின்னு கூப்பிடுவா. என்ன சொன்னான்னு ஞாபகம் இருக்கு, எந்த இடத்துல நின்னு சொன்னான்னு இருக்கு. அவ வாயைத் திறந்தா போதும்டான்னுதான் வருது. அதையே கேட்டுக் கேட்டு, எல்லாத்து மேலயும் அதே ஒக்காந்துருச்சு."

அவன் தோளில் கை வைத்தேன்.

"உன்னை வண்டில திட்டுவாளே, எப்படித் திட்டுவா? சொல்லிக் காட்டு."

"நானா?"

"நீதான் என்னை மாதிரி அதையே கேட்டுக்கிட்டு இருக்கல. அந்தப் பதிவை நீ ரெண்டு மூணு தடவைதானே கேட்ட? உன்கிட்ட இன்னும் இருக்கும்."

முதல் நாள் என்னைத் திட்டியதைச் சொன்னேன். "பின்னாடி கண்ணாடி எதுக்கு வெச்சிருக்கு, தலை சீவவா?" அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"இல்ல. இன்னும் கீழ இருந்து வரும். தலைன்னு சொல்லும்போது ஒடையும்."

அடித்தொண்டையில் இருந்து முயன்றேன். படியேறி வந்த இருவர் எங்களைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். இல்ல என்று தலையை ஆட்டினான். சத்தமாகச் சொன்னேன். கரகரப்பாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனாலும் சொன்னேன்.

"இன்னொரு தடவை" என்றான்.

அந்தக் குரலை முதலில் காதுக்குள் கேட்டுவிட்டு அப்படியே சொல்வோம் என்று நானும் கண்ணை மூடினேன். அந்த வண்டி வந்தது, அந்தத் தெரு வந்தது, பக்கத்து இருக்கையில் அக்கா வந்து உட்கார்ந்து என் பக்கம் திரும்பினார். பின்னாடி கண்ணாடி எதுக்கு வெச்சிருக்கு என்று அவர் வாய் அசைந்தது. கேட்டது என் குரல்.